மண்ணுக்கு இரண்டு வருஷம்

மருந்து அடித்துவந்த நிலத்தை இயற்கை நிலம் என்று ஏற்க, தேசிய இயற்கை வேளாண் உற்பத்தித் திட்டம் ஓராண்டுப் பயிருக்கு இரண்டு வருஷம் கேட்கிறது. மா, கொய்யா போன்ற பல்லாண்டுப் பயிர் என்றால் மூன்று வருஷம். இதை 'மாற்றக் காலம்' என்பார்கள். பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்று, சாத்தூருக்குக் கிழக்கே அப்பா விட்டுப்போன கரிசல் புஞ்சையில் இறங்கியபோது நானும் இந்தக் காலத்தைக் கடந்தேன். செய்த வினை கழியுமா, கழியுமென்றால் எத்தனை நாளில் என்று நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த கேள்விக்கு ஒரு சர்க்கார் விதி கணக்குப் போட்டுப் பதில் சொல்வது என்னை இன்னமும் யோசிக்க வைக்கிறது.

அப்பா பருத்தி போட்டவர். காய்ப்புழுவுக்குப் பயந்து எல்லாச் சம்சாரிகளையும் போல எண்டோசல்பான் அடித்தார். உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது 2011இல். அந்த மாதிரி மருந்துகள் மண்ணில் வருஷக்கணக்கில் தங்கக்கூடியவை. அப்படியிருக்க, இரண்டு வருஷத்தில் இந்த மண் குற்றமற்றதாகிவிடும் என்று யார் சொல்ல முடியும்? விதியும் அப்படிச் சொல்லவில்லை. இந்தத் தேதியிலிருந்து இவர் விலகி நடந்தார், இந்த முறையில் விளைவித்தார் என்பதற்குத்தான் அது சாட்சி. பொருளின் தூய்மைக்கு அது ஜவாப்தாரி ஆவதில்லை.

இந்த வட்டாரத்தில் தூய்மையைத் தேடிப் போனால் நிற்க இடமே கிடைக்காது. வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைக் கொட்டகைகளும் உளுந்தும் மக்காச்சோளமும் அடுத்தடுத்து நிற்கின்றன. பக்கத்துப் புஞ்சையிலிருந்து மருந்து வந்துவிடாமல் வரப்போரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள், விடுகிறோம். காற்றை எந்த வரப்பு மறிக்கும்? பட்டாசுக்குள் போகும் கந்தகத்தையே சாம்பல் நோய்க்குத் தூவ இயற்கை வேளாண் விதியில் இடம் இருக்கிறது. ஒரு பொருள் எதில், எதற்காக, எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒழுக்கத்தைப் பற்றி யோசித்த எல்லா மரபுகளும் இங்கேதான் வந்து நிற்கின்றன என்று நினைக்கிறேன்.

இயற்கை விளைபொருளுக்கு முத்திரை இருப்பதுபோல, பட்டாசு செய்யும் சிவகாசிக்கும் ஒரு முத்திரை வந்தது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, நாகபுரியின் நீரி சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் வகுத்த கலவையில் பசுமைப் பட்டாசு செய்கிறார்கள். பேரியம் கூடாது, புகைத்துகள் சுமார் 30 சதவீதம் குறைய வேண்டும். புகையே இல்லை என்று அந்த முத்திரை சொல்லவில்லை, குறைத்திருக்கிறோம் என்கிறது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்தத் திரியைப் பின்னிய, அந்த வெடிமருந்தைச் செலுத்திய கை பத்திரமாக வீடு திரும்பியதா என்பது பெட்டியில் எங்கும் இல்லை. வெடிவிபத்துச் சாவுக்கு ஊரே கூடி அழுத தெருக்களில் வளர்ந்தவள் நான். அந்த விடுபடல் எனக்குச் சிறியதாகத் தெரியாது. இயற்கை முத்திரையிலும் அதேபோல ஒரு விடுபடல் உண்டு. களை எடுத்த பெண்களுக்கு என்ன கூலி கொடுத்தோம் என்று கடையில் பொட்டலத்தைப் பார்த்தால் தெரியாது.

இயற்கை முறையில் விளைவிக்கும் எங்கள் சம்சாரிகள் குழுவில் ஆறு பேர். ஒருவர் புஞ்சையை மற்றவர்கள் நடந்து பார்த்து, பண்ணைக் குறிப்பேட்டை வாசித்துக் கையெழுத்துப் போடுவோம். மத்திய வேளாண் அமைச்சகத்தின் பி.ஜி.எஸ். எனும் பங்கேற்புச் சான்றளிப்பு இப்படித்தான் நடக்கிறது. ஏற்றுமதிக்கு இது செல்லாது. அதற்கு மத்திய அரசின் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபீடாவின் அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு அமைப்புதான் வர வேண்டும். கோயம்புத்தூரில் தலைமையகம் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை அத்தகைய அமைப்புகளில் ஒன்று.

மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த ஒரு வருஷம், பார்வைக்குப் போன எங்களை வரப்பிலேயே நிறுத்தினாள் குழுவில் இளையவள். "டீச்சர், வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு அடங்கல. குருத்தையே தின்னுருச்சு. ரெண்டு டேங்க் மருந்து அடிச்சுட்டேன். நோட்டுல எழுதிக்கோங்க." கடன்பட்டு விதைத்தவள் அவள். யாரும் கேட்கும் முன்பே சொன்னாள்.

எழுதாமல் விட்டுவிடலாம் என்றார் ஒருவர். மூத்தவர் வேறு வழி சொன்னார். "இருக்கன்குடி ஆத்தா முன்னால சூடம் ஏத்திச் சத்தியம் பண்ணட்டும், இனி அடிக்கமாட்டேன்னு. அது போதும்."

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன் மாமா. வாங்குறவுகளுக்கு நீங்கதான சொல்லணும்?"

எழுதினோம். அந்தப் புஞ்சையின் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. மக்காச்சோளம் சாதாரண விலைக்குப் போனது.

மனசு சுத்தமாக இருந்தால் போதும், காகிதம் எதற்கு என்று பக்தியுள்ளவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாமிக்குத் தெரிந்த உண்மை மதுரையிலோ சென்னையிலோ பிள்ளைக்குக் குதிரைவாலிக் கஞ்சி காய்ச்சும் தாய்க்குத் தெரியாது. அவளுக்கும் உண்மை போய்ச் சேர வேண்டும். அதற்கு எழுத்து வேண்டும், பக்கத்துப் புஞ்சைக்காரரின் கையெழுத்து வேண்டும். பொய் சொல்லக் கூசாதவர்கள் கையில் அதே எழுத்து வெறும் தாள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு சாட்சியும் வேண்டும். ஒன்றுக்கு ஈடாக மற்றதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் வேலை பார்த்த இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் மனம் ஒப்பாமல் அதை விட்டு வெளியேறினார். அந்தக் கோவில்பட்டி இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். விலகி வருவது எவ்வளவு கடினம் என்று இந்தக் கரிசல் அறியும். ஆகவே, இயற்கை விளைபொருள் வாங்குகிறவர்களே, முத்திரையைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த வருஷம் மருந்தை விட்டீர்கள், களை எடுத்தவர்களுக்கு என்ன கூலி என்று கேளுங்கள். குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; தவறு எழுதப்பட்ட பக்கம் இருந்தால் அந்தச் சம்சாரியிடமே தொடர்ந்து வாங்குங்கள்.