பிரேக் குழாயும் பிறர் உயிரும்

கோலசிலாங்கூர்க் கரையோரம் வீசும் உப்புக் காற்றுக்கு இரும்பின்மீது இரக்கம் இல்லை. புக்கிட் ரோத்தான், ஈஜோக், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களின் சேறும் உர உப்பும் அதற்குத் துணைபோகின்றன. மேலே மெருகு குன்றாத காரின் அடியில் எஃகுப் பிரேக் குழாய் ஓசையின்றித் துருவேறுகிறது. ஒருநாள் மிதி தளர்கிறது. சக்கரத்தருகே எண்ணெய்க் கசிவு தெரிகிறது.

1985-இல் வெளிவந்த புரோட்டான் சாகா போன்ற பழைய கார்களைத் தம் கையாலேயே செப்பனிட்டுப் பழகியோர் தோட்டப்புறத்தில் உண்டு. அவர்தம் திறமை ஏளனத்துக்குரியதன்று. நாட்கூலியில் வாழ்ந்தவன் பட்டறைச் செலவை மிச்சப்படுத்தக் கற்றதும் ஒரு கல்வியே. பட்டம் பெற்றோர் பலருக்கு வாய்க்காத கல்வி. ஆயினும், தன் காரைத் தானே பழுதுபார்க்கும் உரிமை பிரேக்கையும் உள்ளடக்குமோ?

குளிரூட்டி பழுதானால் வியர்ப்பவன் காருக்கு உடையவன். பிரேக் பொய்த்தால் அடிபடுபவர், பள்ளிவிட்டுச் சாலையோரம் நடந்துவரும் சிறுமியாக இருக்கலாம். அச்சிக்கனத்தின் பயனில் பங்கு பெறாத அவள், அதன் விலையைச் செலுத்த நேர்கிறது. அங்ஙனமாயின் பட்டறையில் விட்டுவிட்டால் கடமை தீர்ந்ததா? அதுவும் இல்லை. அவசரத்தில் முடுக்கிய மூட்டு எவர் முடுக்கினும் கசியும்.

வேலையின் இயல்பை அறிந்தால் வினாவின் கூர்மை விளங்கும். எஃகுக் குழாயின் வாயை இருமடிப்பாக விரித்தே மூட்டில் பொருத்தல் வேண்டும். ஒற்றை மடிப்பு விரிசல் விடக்கூடும். குளிர்சாதனப் பெட்டிக்குரிய செம்புக் குழாய் கைக்கு இணங்கி வளையும். பிரேக்கின் அழுத்தத்திற்கு அது உரியதன்று. பிரேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் கொதிநிலை வேண்டும். ஈரமேறிய நிலையில் அவ்வரம்பு 140 பாகைதான். மூடி திறந்து மாதக்கணக்கில் கிடந்த குப்பியை வீணாக்க மனமின்றி ஊற்றுபவன், எதை மிச்சப்படுத்துகிறான்?

இவற்றுள் எதுவும் வெளியே தெரிவதில்லை. மலேசியாவில் லாரிகளும் பேருந்துகளும் குறித்த காலத்தில் சோதனைக்குச் செல்கின்றன. சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆதலின் அம்மூட்டைச் சோதிக்கும் அதிகாரியும் அதைச் செய்தவனே. ஐயம் எழுந்த கணத்தில் குழாயை வெட்டியெறிந்து மீண்டும் தொடங்கும் மனம் அவனுக்கு உண்டாயின், வீட்டு முற்றத்து மாமரத்தடியும் பட்டறையே. ஐயத்தை விழுங்கிக்கொள்பவனுக்கு அவ்வுரிமை இல்லை.

புதுக்குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். பெரும்பாலும் மிதியில் கால் வைப்பவன் மகன். சக்கரத்தடியில் கிடந்து ‘அழுத்து’, ‘விடு’ என்பவர் தந்தை. குமிழிகள் நின்ற பின்னரும் கவனமுள்ளவர் உடனே பெருஞ்சாலைக்கு விரைவதில்லை. மிதியை வலுவாக அழுத்திப் பிடிக்கச் செய்து, ஒவ்வொரு மூட்டையும் துணியால் துடைத்துப் பார்க்கிறார். மறுநாட் காலையும் குனிந்து பார்க்கிறார்.