சிரிக்கச் சொல்லும் உரிமை யாருக்கு?

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் பேராவூரணிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பைப் புரட்டிவிட்டுப் போனது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலரும் சொன்னது ஒன்றுதான்: "எல்லாம் நன்மைக்கே."

நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அப்பா வைத்த மரங்கள் வேரோடு பெயர்ந்து கிடக்கையில் அதில் என்ன நன்மை? கடவுள் ஏதோ கணக்குப் போட்டுத்தான் சாய்த்தார் என்பதை அன்றும் நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

ஆனால் மரத்தைக் கிடந்தபடியே விடவும் முடியாது. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு வண்டானதும் புதிதாக நட்ட கன்றின் குருத்தைக் குடையும். விரியும் ஓலையில் முக்கோண வெட்டு தெரியும்போதுதான் நமக்கு விஷயமே புரியும். அழுதுகொண்டேயாவது அறுத்து அப்புறப்படுத்தியாக வேண்டும். அப்படி ஒதுக்கியதும் நிழலில் கிடந்த மண்ணில் வெயில் விழுந்தது. நெட்டையோடு குட்டையும் நட்டோம். கன்றுகளுக்கு ஊடே போட்ட கடலையும் வாழையும் வீட்டுச் செலவைத் தாங்கின. இது புயல் கொடுத்த வரமல்ல, எங்கள் பாடு.

திருக்குறளில் 'இடுக்கண் அழியாமை' 63ஆம் அதிகாரம். அதற்கு முந்தியது 'ஆள்வினையுடைமை'. முயற்சியைச் சொன்ன பிறகே வள்ளுவர் இடுக்கணுக்கு வருகிறார். அதன் முதல் குறளே துன்பம் வந்தால் சிரிக்கச் சொல்கிறது. யாரை? பட்டவனை. வேலிக்கு அந்தப்பக்கம் நிற்பவனிடம், 'போய் அவனைச் சிரிக்கச் சொல்' என்று சொல்லவில்லை. அப்படி நிற்பவனுக்கென்று 'ஒப்புரவறிதல்', 'ஈகை' என்று வேறு அதிகாரங்கள் இருக்கின்றன.

பக்கத்துத் தோப்புச் சித்தப்பா தத்துவம் எதுவும் பேசவில்லை. தன் மரங்களையும் பறிகொடுத்த மனுஷன், மரம் அறுக்கிற மிஷினோடு வந்து, "முதல்ல பாதைய விடுவோம்ப்பா" என்றார். சாயங்காலம் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து, "இனி ஏறாமலே இளநி பறிக்கலாம், சித்தப்பா" என்றேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதையே வேறு எவனாவது சொல்லியிருந்தால் அரிவாளைத் தூக்கியிருப்பேன்.

கெட்டதில் நல்லதைத் தேடி எடுப்பது பட்டவனின் வேலை. அவனுக்கு மட்டுமே அதைப் பேசும் உரிமை. மற்றவர்கள் மிஷினோடு வந்தால் போதும்.