மூவிடத்து வினை

கீழ் கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே நிற்பது ஒரு பேரிக்காய் மரம் மாத்திரமே. ஆகையால், நெடுங்காலம் தேயிலைக் கொழுந்து எடுத்த அந்த அம்மாளுக்கு மார்பில் கட்டி கண்டு, மேட்டுப்பாளையம் வழியாய்க் கோயம்புத்தூருக்கு இறங்கிப்போய்ச் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டு, கட்டும் குழாயுமாய் மறுபடி மலையேறி வந்தபோது, கூடமாட இருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பள்ளிக்கூட வேலையினின்று ஓய்வு பெற்றிருந்த என்னிடம் தானாகவே வந்து சேர்ந்தது.

நலம் விசாரிக்க வந்தவர்களுள் ஒருத்தி, துவேஷம் ஏதுமின்றி, உண்மையான இரக்கத்தோடேயே, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டபடி, "எந்த ஜென்மத்துல செஞ்ச பாவமோ, இப்ப அனுபவிக்குது" என்று சொல்லிப் போனாள். உள்ளே படுத்திருந்தவர் காதில் அது விழுந்தது.

வினைக்கொள்கையை நான் மறுப்பவளல்லேன். ஆனால் இலக்கணம் கற்பித்தே ஜீவித்தவளாதலால், அந்தப் பேச்சு எனக்கு ஓர் இடவழுவாகவே பட்டது. மொழியிலுள்ள வினை, வந்தேன், வந்தாய், வந்தாள் என்று மூவிடத்தும் செல்லும். ஆன்மாவைப் பற்றிய வினையோ தன்மை ஒன்றிலேயே நிற்கத்தக்கது. தம் நோவைக் குறித்து ஒருவர் 'இது என் வினை' என்று தாமே எண்ணும்போது பொறுமைக்கும் பச்சாத்தாபத்துக்கும் வழியாகக்கூடிய அதே எண்ணம், படர்க்கையில் பிறர்மேல் ஏற்றப்பட்ட மாத்திரத்தில் தீர்ப்பாகிவிடுகிறது. தீர்ப்புச் சொன்னவருக்கோ, இனித் தாம் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்னும் சௌகரியமும் கிடைத்துவிடுகிறது.

பெரியபுராணத்தில் திலகவதியாருடைய நடத்தையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. சமண சமயம் சார்ந்திருந்த தம்பிக்குச் சூலைநோய் வரப்போவதையும் அதன் காரணத்தையும் கனவில் இறைவனே உணர்த்தக் கேட்டிருந்தவர் அவர். குற்றம் சாட்டுவதற்கு அவரைவிட உரிமையுடையவர் எவருமில்லை. ஆயினும் நோய் தாங்காது இரவில் திருவதிகைக்கு வந்து அடியில் விழுந்த தம்பியிடம் அவர் குற்றத்தைப் பேசவில்லை; இது அருள் என்றார், திருநீறு கொடுத்தார், விடியுமுன்னே கோயிலுக்கு அழைத்துப் போனார். தாம் செய்த கொடுமைகளைப் பற்றிப் பாடியவர் அந்தத் தம்பியாகிய நாவுக்கரசர்தாம்; அதாவது, வினை அங்கே தன்மையிடத்திலேயே நின்றது.

புத்தரோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். இன்பதுன்பம் யாவும் முன்வினையின் பயனே என்போரைப் பற்றிச் சீவகன் என்னும் பரிவிராஜகன் கேட்டபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், பருவ மாறுபாடு முதலிய எட்டுக் காரணங்களை எண்ணி, வினையை எட்டாவதாக வைத்தார் என்று சம்யுத்த நிகாயம் கூறும். நம் காலத்தில், சகோதரி 1923-இல் புற்றுநோயால் மாண்டதை விதியென்று விட்டுவிடாத டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, நோயாளி, வைத்தியர், மருந்து இவற்றோடு அருகிருந்து பார்ப்பவரையும் ஓர் அங்கமாக எண்ணியதன் பெருமை எனக்கு விளங்கியது, குழாயில் வடியும் நீரை நாளும் அளந்து நோட்டில் எழுதிய அந்த நாட்களிலேதான். குழாய் எடுத்தபின் கையின் முறை வந்தது. அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் நீக்கியிருந்தபடியால், அந்தக் கையில் நீர் தேங்கி வீங்கக்கூடும், பாரம் தூக்கலாகாது, கீறல் படலாகாது என்று எச்சரித்திருந்தார்கள். தேயிலைச் செடி கீறாத நாளையே அறியாத கைக்கு இப்படி ஒரு விதி! தோள் இறுகாதிருக்க, சுவரை நோக்கி நின்று விரல்களால் சிறிது சிறிதாக மேலே ஏறவேண்டும். எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடிடுவேன்.

உறைபனி விழுந்த ஒரு மார்கழிக் காலையில், விரல்கள் சுவரில் இருக்கும்போதே, திரும்பாமல் அவர் கேட்டார்: "டீச்சர், நான் என்ன பாவம் செஞ்சேன்?"

அப்படிக் கேட்க அவருக்கு உரிமையுண்டு, அது தன்மை. நான் எந்த விடையைச் சொன்னாலும் அது முன்னிலையாகிவிடும்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்கம்மா, பாப்போம்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினார். குளிரோ என்னவோ, நேற்றைய கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழேயே கை நின்றுவிட்டது. அந்த இடத்திலேயே கோடு போட்டுத் தேதியை எழுதினேன்.