சோணரின் செருப்பும் கேமராவின் வாரும்

துறவி தோளில் வார் மாட்டிக்கொள்ளலாமா? இந்தக் கேள்வி புத்தரிடமே போயிருக்கிறது. பிட்சுக்களின் ஒழுங்குகளைத் தொகுத்த வினயபிடகத்தில் சுல்லவக்கம் என்றொரு பகுதி. அதன் ஐந்தாம் அத்தியாயம் முழுக்கச் சில்லறைச் சமாசாரங்கள்: நகம் வெட்டுவது, ஊசி வைக்கும் குழல், தண்ணீர் வடிகட்டி, குடை. அந்த வரிசையில் பிச்சைப் பாத்திரமும் வருகிறது. பிட்சுக்கள் அதைத் திண்ணை விளிம்பில் வைத்தார்கள், உருண்டு உடைந்தது. எங்கேயோ மாட்டித் தொங்கவிட்டார்கள், விழுந்து உடைந்தது. கடைசியில் பாத்திரத்துக்கு ஒரு பை, பையைத் தோளில் மாட்ட ஒரு வார், கட்டுவதற்கு ஒரு கயிறு என்று அனுமதி கிடைத்தது.

உலகத்தை விட்டு வந்தவருக்கே ஒரு சாமான் இருந்தால் அதைத் தூக்க வழி வேண்டியிருக்கிறது. விடியற்காலை முகூர்த்தத்திலிருந்து இரவு ரிசெப்ஷன் முடியும்வரை இரண்டு கேமராவோடு நிற்கும் கல்யாணப் புகைப்படக்காரர் எதையும் துறந்தவர் அல்ல. அவர் தோளில் இருப்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேனன் 5டி மார்க் 4 பாடி, பேட்டரியும் கார்டும் சேர்த்து 890 கிராம். அதில் மாட்டும் 70-200 எஃப் 2.8 லென்ஸின் மூன்றாம் பதிப்பு 1,480 கிராம். இன்னொரு தோளில் அதே பாடி, 805 கிராம் எடையுள்ள 24-70 லென்ஸோடு. இரண்டும் சேர்ந்து 4 கிலோவைத் தாண்டுகிறது, ஃபிளாஷைச் சேர்க்கவில்லை. வளர்ந்த மனிதரின் தலை ஏறக்குறைய 5 கிலோ. அதாவது கிட்டத்தட்ட இன்னொரு தலையைச் சுமந்துகொண்டு அவர் மணவறையைச் சுற்றி வருகிறார். மிரர்லெஸ் வந்தபின் பாரம் குறைந்தது உண்மை. சோனி ஏ7 4 பாடி 658 கிராம், அதன் இரண்டாம் தலைமுறை 70-200 லென்ஸ் 1,045 கிராம். குறைந்ததே தவிர, பாரம் போய்விடவில்லை.

இவ்வளவு இருந்தும் நல்ல ஸ்ட்ராப் வாங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால் தொழிலில் பழுத்தவர்கள் சிலர் சிரிப்பார்கள். பெட்டியில் வந்த வாரே போதும். கழுத்து வலித்தால்தான் வேலை செய்ததாக அர்த்தம். சௌகரியம் தேடுகிறவனுக்கு இது தொழில் இல்லை. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா புடவை கட்டிக்கொண்டு, கனத்த கேமராக்களோடு தில்லித் தெருக்களில் சைக்கிள் மிதித்தாரே, அவர் என்ன வார் தேடினார் என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சுக்குள் கேமராவைவிட மிகப் பழைய ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. உடலை வருத்தினால் பார்வை தெளியும் என்ற நம்பிக்கை அது. அதைக் கடைசிவரை சோதித்துப் பார்த்த ஒருவரின் கதை வினயபிடகத்தின் இன்னொரு பகுதியான மகாவக்கத்தில், தோல் பொருட்களைப் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

சோண கோலிவிசர் சம்பா நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை. உள்ளங்காலில் முடி முளைக்கும் அளவுக்கு அலுங்காமல் வளர்ந்தவர். அந்தக் காலைப் பார்க்க வேண்டும் என்று மகத மன்னன் பிம்பிசாரனே சொல்லி அனுப்பினான் என்கிறது நூல். துறவு பூண்டபின் அதே காலால் சோணர் இரவும் பகலும் நடைத் தியானம் செய்தார். தோல் கிழிந்து, நடந்த பாதை மாடு அறுத்த இடம்போல ரத்தமாயிற்று. பலன் மட்டும் கிடைக்கவில்லை. வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தவரிடம் புத்தர் வந்து, அவர் இல்லறத்தில் இருந்தபோது வாசித்த வீணையைப் பற்றி விசாரித்தார். நரம்பு மிக இறுகியிருந்தால் நாதம் வருமா? மிகத் தளர்ந்திருந்தால்? சோணர் முயற்சியைச் சுருதி சேர்ப்பதுபோலச் சேர்த்துக்கொண்டார், பலனும் கண்டார்.

வீணை உவமை ஊரறிந்தது. அதற்கு அடுத்து வரும் செருப்பைப் பற்றித்தான் பலரும் பேசுவதில்லை. ஞானம் கிடைத்தபின், உபதேசம் வேலை செய்து முடித்தபின், புத்தர் அந்தக் காலைக் கவனிக்கிறார். மென்மையாக வளர்ந்தவர் நீர், ஒற்றை அடுக்குச் செருப்பு போட்டுக்கொள்ளும் என்கிறார். தத்துவம் தந்துவிட்டோம், கால் தானே ஆறட்டும் என்று விட்டுவிடவில்லை. புண்பட்ட காலுக்குச் செருப்பு ஆன்மிகத் தோல்வி என்று அந்தச் சபையில் யாரும் நினைக்கவில்லை. தயங்கியவர் சோணர் மட்டும்தான். சோணருடைய தயக்கம் என்ன என்பது பிறகு.

வலி கவனத்தை வளர்க்கிறதா, தின்கிறதா? பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய் இதைப் பேசத் தகுதி உள்ளவர். ஆசிரியை வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு 1934, 1935 ஆண்டுகளில் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலியாக உழைத்தவர். கவனம் அதன் உச்சத்தில் பிரார்த்தனைதான் என்று கருதிய அவர், பள்ளிப் படிப்பைப் பற்றிய ஒரு கட்டுரையில் வேடிக்கையாக ஒன்றைச் சொல்கிறார். கவனியுங்கள் என்றால் மாணவர்கள் புருவத்தை நெரிக்கிறார்கள், மூச்சைப் பிடிக்கிறார்கள், தசையை இறுக்குகிறார்கள். இரண்டு நிமிடம் கழித்து எதைக் கவனித்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இறுகுவது கவனம் அல்ல, தசையின் வேலை. உடம்பை வருத்திக்கொள்வதில் சிமோன் வெய் யாருக்கும் சளைத்தவர் அல்ல. அவர் வாயிலிருந்து இது வருவதால் கூடுதல் கனம்.

மருத்துவரும் தத்துவவாதியுமான ட்ரூ லீடர் 1990-இல் வெளியிட்ட நூலில் இதையே உடலின் பக்கமிருந்து விளக்கினார். நலமாக இருக்கும் உடம்பு நம் அனுபவத்தில் தென்படாது. வலி வந்தால்தான் முன்னால் வந்து நிற்கும். தாலி கட்டும் நொடியில் புகைப்படக்காரரின் மனம் மணமகளின் கண்ணில் இருக்க வேண்டும். கழுத்தின் பின்பக்கம் எரிந்துகொண்டிருந்தால் மனத்தின் ஒரு பாதி அங்கே போய்விடும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் சின்ன லைக்கா கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்ததை அழகியல் தேர்வு என்றே எழுதுவது வழக்கம். கால் கிலோ, அரை கிலோ என்று எடைத்தராசிலும் அதை நிறுத்திப் பார்க்கலாம்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், வர வேண்டும். பழநிக்குக் காவடி எடுப்பவர் என்ன செய்கிறார்? தோளில் பாரத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறார். பாரம் குறையட்டும் என்று அவர் வேண்டுவதில்லை. உண்மைதான். ஆனால் காவடியில் சுமை என்பதே காணிக்கை. அதைக் குறைத்தால் கொடுத்தது குறைந்துபோகும். புகைப்படக்காரர் கொடுப்பது படம். சுமை வழியில் வரும் தொல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்தான் கழுத்துவலியை விரதமாக்குகிறார். இதையும் கவனிக்கலாம்: காவடிகூட ஒரு தோளில் ஒருபக்கமாகத் தொங்குவதில்லை. இடும்பன் கதையில் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளும் தண்டின் இரண்டு முனையிலும் சமமாகத் தொங்குகின்றன. பாரம் சுமக்கத் தெரிந்த மரபு எடையைப் பிரித்துத்தான் சுமந்திருக்கிறது.

பிரிப்பதுதான் எல்லா நல்ல வாருக்கும் சூத்திரம். எடையை எந்த வாரும் குறைக்காது. அது விழும் இடத்தைத்தான் மாற்றும், பரப்பும். இரண்டு கிலோவை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள நாடாவில் தொங்கவிட்டால் அது தோளை அறுக்கும். ஐந்து சென்டிமீட்டர் பட்டையில் தொங்கவிட்டால் அதே எடை ஐந்தில் ஒரு பங்கு அழுத்தத்தோடு உட்காரும். கழுத்தில் மாட்டும் வார் எடையை முன்னால் தொங்கவிடுகிறது. தலை முன்னே சாயாமல் பிடித்து நிறுத்தப் பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கும் தசை நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்கே போகும் ஸ்லிங் வகை கழுத்தை விடுவிக்கிறது. கேமரா இடுப்போரம் தொங்கும், எடுத்தால் வாரின் மேல் சறுக்கிக் கண்ணுக்கு வரும். ஒரு கேமரா மட்டும் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்லது கிடையாது என்றே சொல்லலாம். இரண்டு வைத்திருப்பவருக்கு இரு தோளிலும் ஏறி முதுகில் இணையும் ஹார்னஸ்தான். இடுப்பு பெல்ட்டில் கேமராவை மாட்டும் ஹோல்ஸ்டரும் உண்டு. எடை எலும்பில் இறங்குவதால் தோளுக்குப் பூரண விடுதலை. மண்டபத்தில் உட்காரவும் எழவும்தான் கொஞ்சம் இடைஞ்சல்.

நியோபிரீன் வார் இழுபடுவதால் பாரம் லேசானதுபோல் தோன்றும். தோற்றம்தான். நடக்கும்போது கேமரா துள்ளும், ஓடினால் விலாவில் குத்தும். ஸ்லிங்கில் பல, கேமராவின் அடியிலுள்ள கால் அங்குல ட்ரைபாட் திருகுத் துளையில் மாட்டுபவை. திருகு நாள்பட ஆடிக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. காலையில் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை விரலால் திருகிப் பார்ப்பதும், பாடியின் காதில் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு மாட்டிவைப்பதும் வழக்கமாக வேண்டும். பீக் டிசைன் போன்ற கம்பெனிகளின் வாரில் சின்னக் கயிற்று வளையங்கள் இருக்கும். மேலே கறுப்பு தேய்ந்து உள்ளே வேறு நிறம் தெரிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

பக்கவாட்டில் தொங்குவதில் இன்னொரு தொல்லை, அடுத்தவர் தலை. குனிந்து ஒரு படம் எடுத்துத் திரும்பினால் தொங்கும் இரண்டாவது கேமரா, மணவறை ஓரம் நிற்கும் குழந்தையின் நெற்றி உயரத்தில் வீசும். சுல்லவக்கத்தில் இதற்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஒரு பிட்சு செருப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு பிச்சைக்குப் போனார். அவரை வணங்கக் குனிந்த இல்லறத்தாரின் தலை செருப்பில் இடித்தது. அதன்பிறகுதான் செருப்புக்கும் பையும் தோள்வாரும் வந்தன. கேமராவை இடுப்போடு அணைத்துப் பிடிக்கும் சின்ன நாடா ஒன்றைத் தனியாக மாட்டினால் இந்த வம்பு தீரும்.

அழகு பார்த்து வாங்குவோர் பெரும்பாலும் தோலில் போய் முடிகிறார்கள். தோல் ஹார்னஸ் கம்பீரமாகத்தான் இருக்கிறது, பழகப் பழக உடம்பின் வாகுக்கு வளைகிறது. மகாவக்கத்தின் அதே தோல் அத்தியாயம் இங்கே குறுக்கே வருகிறது. ஒரு பிட்சு, இல்லறத்தார் வீட்டில் சிறுத்தைக் குட்டிபோலப் புள்ளிகள் கொண்ட கன்றுக்குட்டியை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார். ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டதும், அந்தத் தோல் தமக்கு உதவும் என்கிறார். கன்று கொல்லப்படுகிறது. பிட்சு தோலை மேலாடைக்குள் மறைத்து எடுத்துப் போகிறார். தாய்ப்பசு பின்னாலேயே வருகிறது. மடத்தில் மற்றவர்கள், இந்தப் பசு உங்களை ஏன் தொடர்கிறது என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறார். அவர் ஆடையில் ரத்தக்கறை.

அதற்குப் பிறகு மாட்டுத்தோல் கூடாது என்று விதி வந்தது. ஆனால் விதி கண்ணை மூடிக்கொண்டு வந்த விதி அல்ல. தோல் வாரால் கட்டப்பட்ட கட்டடங்களில் பிட்சுக்கள் சாய்ந்து உட்காரத் தயங்கியபோது, வெறும் கட்டாக இருக்கும் தோல் என்றால் பரவாயில்லை என்று அனுமதி கிடைத்தது. தோலையே விரிப்பாகப் பயன்படுத்தும் எல்லைப்புறத் தேசங்களில் ஆட்டுத்தோலும் மான்தோலும் அனுமதிக்கப்பட்டன. ஆக, தோலைத் தொட்டாலே தீட்டு என்பது அங்கே பிரச்சினை இல்லை. என் ஆசையால் ஒரு உயிர் போனதா என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் இந்த இரண்டும் தலைகீழாகக் கிடக்கின்றன. சில கோயில்களில் தோல் பெல்ட்டையும் தோல் வாரையும் கழற்றி வைக்கச் சொல்வார்கள். மரபான தவிலின் இரு முகமும் தோல்தான், அது சுவாமிக்கு முன்னாலேயே முழங்கிக்கொண்டு போகும். அந்தத் தோலை உரித்துப் பதப்படுத்தியவர் எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்பட்டார் என்பது தனி வரலாறு, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி எழுதிய நூலில் அதன் ஒரு பகுதி இருக்கிறது. தோல் வாருக்கு இன்னொரு விலையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதை 1996-இல் உச்ச நீதிமன்றமே வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் எழுதி வைத்திருக்கிறது. சீட் பெல்ட் ரக நைலான் பட்டையும் எண்ணெயிலிருந்து வந்ததுதான், புனிதப் பொருள் ஒன்றும் இல்லை. ஆனாலும் வேலை செய்யும் வாருக்கு நைலானே போதும் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. அது வியர்வையை வாங்கிக் கெட்டுப்போகாது, துவைத்துக் காயப்போடலாம்.

இனி சோணரின் தயக்கம். ஒற்றை அடுக்குச் செருப்பு போட்டுக்கொள் என்றபோது அவர் மறுத்தார். எண்பது வண்டிப் பொன்னை விட்டு வந்தவன் இப்போது செருப்பில் ஒட்டிக்கொண்டான் என்று ஊர் பேசும். சங்கம் முழுவதற்கும் அனுமதித்தால் நானும் போடுவேன், எனக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்றார். புத்தர் எல்லோருக்கும் அனுமதித்தார். முழுக்க நீலம், முழுக்க மஞ்சள், முழுக்கச் சிவப்பு என்று பகட்டு நிறச் செருப்புகளைப் பிறகு தடுத்ததும் அதே அத்தியாயம்தான். நிக்கான் வாரின் மஞ்சள் எழுத்தைக் கழுத்தில் பறைசாற்றிக்கொண்டு திரியும் விளம்பரப் பலகைகளுக்கு அது காதில் விழட்டும்.

கல்யாண வேலைக்கு ஒரு குழு போகிறது. கேண்டிட் எடுப்பவர் பதினைந்தாயிரம் ரூபாய் ஹார்னஸில் இரண்டு கேமராவை மாட்டியிருக்கிறார். அவருக்குப் பின்னால் அசிஸ்டென்ட் தம்பி. ஒரு தோளில் லென்ஸ் பை, இன்னொரு தோளில் லைட் ஸ்டாண்ட் கட்டு, கையில் சாஃப்ட்பாக்ஸ், கழுத்தில் பெட்டியோடு வந்த பழைய நாடாவில் ஒரு பேக்கப் பாடி. அண்ணனின் தோளிலிருந்து இறங்கிய எடை காற்றில் கரைந்துவிடவில்லை. பழைய பையின் மெல்லிய வாருக்குப் பதிலாக மெத்தை வைத்த, இடுப்புப் பட்டை உள்ள முதுகுப் பை ஒன்றும், ஸ்டாண்டுகளுக்குச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றும் வாங்க, அந்த ஹார்னஸுக்குக் கொடுத்த காசில் பாதிகூட வேண்டியிராது. ஸ்டூடியோ முதலாளி ஸ்ட்ராப் வாங்கக் கடைக்குப் போகும் நாளில் தம்பியையும் கூட்டிப்போய், முழுச் சுமையோடு அவரைக் கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடக்கவிட்டுப் பார்த்து வாங்கலாம்.