வைத்தியம் செய்யும் உரிமை யாருக்கு?

டாக்டர் இல்லாத இடத்தில் தாதி மருந்து கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றால், டாக்டர் இருக்கும் இடத்தில் மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது? கேட்பதற்கு எளிய கேள்விகள்தாம். ஆனால் பல நாடுகளில் சட்ட சபைகளையும் வைத்தியர் சங்கங்களையும் நெடுங்காலமாக எதிரெதிரே நிறுத்தி வைத்திருப்பவை இவையே.

அமெரிக்காவில் 1965-ம் ஆண்டில் லொரெட்டா ஃபோர்டு என்ற தாதியும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் கொலராடோவில் ஒரு பயிற்சியைத் தொடங்கினர். அனுபவம் மிக்க தாதியருக்கு மேற்பயிற்சி அளித்து, நோயைக் கண்டறியவும் சிகிச்சை கூறவும் பழக்குவதே அதன் நோக்கம். இன்று அந்நாட்டு மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்டவை, அவ்வாறு தேறிய தாதியர் எந்த டாக்டரின் மேற்பார்வையும் இன்றித் தாமே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதச் சட்டப்படி இடமளித்துள்ளன. மற்ற மாநிலங்களில் வாதம் ஓய்ந்தபாடில்லை.

அது அமெரிக்கர் கவலை, நமக்கென்ன என்று வணிகர்களாகிய நாம் தள்ளிவிடலாகாது. பிரிக்பீல்ட்ஸிலும், மஸ்ஜித் இந்தியா சாலையிலும், கிள்ளானிலும் நமது கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே உழைப்பவர் எத்தனை பேர்! 2023-ம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் இருக்கிறது. காலில் ஆறாத புண்ணோடு பரோட்டாக் கல்லின் முன் நிற்கும் ஒரு பணியாளருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் விடுப்பு வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவராயின், அரசாங்க ஆஸ்பத்திரியிலும் குடிமக்களைவிடப் பன்மடங்கு கட்டணம் செலுத்த வேண்டும். அவருடைய புண்ணை முதலில் யார் பார்ப்பார், எந்த உரிமையில் பார்ப்பார் என்பது நம் வாசலில் நிற்கும் கேள்வியே ஆகும்.

இந்நாட்டுத் தமிழருக்கு இக்கேள்வி புதியதுமன்று. 1901-ம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் கிள்ளானுக்கு வந்தபோது, அந்நகரும் சுற்றுப்புறமும் மலேரியாவில் நடுங்கிக் கிடந்தன. சதுப்பு நிலங்களின் நீரை வடித்து அவர் நகரைக் காத்தார். ஆயினும் ரப்பர்த் தோட்டங்கள் தோறும் அமர்ந்து காய்ச்சலைப் பார்க்க டாக்டர்கள் ஏது? அந்த இடத்தை நிரப்பியவர்தாம் நம் முன்னோர் ‘டிரசர்’ என்று அழைத்த தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர். காயத்துக்குக் கட்டுப் போட்டவர் அவர். கொய்னா கொடுத்தவர் அவர். நள்ளிரவில் லயத்துக் கதவைத் தட்டினால் எழுந்து வந்தவரும் அவரே. டாக்டர் எப்போதோ ஒருமுறை வந்து பார்த்துப் போவார். மற்ற நாட்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் உயிர் டிரசர் கையில் இருந்தது.

சட்டமோ மெல்லத்தான் வந்தது. தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளரைப் பதிவு செய்யும் சட்டம் 1965-ம் ஆண்டிலும், மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் 1977-ம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. உழைப்பைப் பல பத்தாண்டுகள் வாங்கிக்கொண்ட பிறகே, அவர் யார், எதைக் கற்றவர் என்பதை எழுதி வைக்க ஏடு திறக்கப்பட்டது.

இக்கதையில் நாம் போற்ற வேண்டியதும் உண்டு. வருந்த வேண்டியதும் உண்டு. டாக்டர் பட்டம் இல்லாதவரும் நன்கு பழகினால் உயிர் காக்க முடியும் என்பது போற்ற வேண்டியது. துரைக்கு ஒரு வைத்தியம், கூலிக்கு ஒரு வைத்தியம் என்ற வேற்றுமை ஒரு தலைமுறையோடு நில்லாமல் இயல்பாகவே ஆகிவிட்டது வருந்த வேண்டியது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர், இன்றைய வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் தவறுவர்.

2010-ம் ஆண்டு ஜனவரியில் அரசாங்கம் ‘கிளினிக் 1மலேசியா’ என்ற பெயரில் நகர்ப்புறங்களில் 50 சிறு மருந்தகங்களைத் திறந்தது. காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை அவை இயங்கின. குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். உள்ளே இருந்தவர் உதவி மருத்துவ அதிகாரியும் தாதியுமே, டாக்டர் அல்லர். மலேசிய மருத்துவச் சங்கம் இதை எதிர்த்தது. நோயாளியை டாக்டரே பார்க்க வேண்டும் என்பது அதன் வாதம். தனியார் மருந்தகம் என்றால் பதிவு பெற்ற டாக்டர்தாம் பொறுப்பேற்க வேண்டும் என்று 1998-ம் ஆண்டுச் சட்டம் கேட்கிறது. தனியாருக்கு ஒரு நியாயம், அரசாங்கத்துக்கு ஒரு நியாயமா என்று கேட்டவரும் உண்டு. மக்களோ வரிசையில் நின்றனர். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் போனாலும் கதவு திறந்திருந்தது அன்றோ?

டாக்டர்களின் எதிர்ப்பைத் தொழிற் பொறாமை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. நெஞ்சு அடைப்பதாகக் கூறி வருபவர் பத்துப் பேரில் பலருக்கு அது வெறும் வாய்வாகவே இருக்கலாம். ஒருவருக்கு மாரடைப்பாக இருக்கும். பெருங்காயமும் சுக்கும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு, விடிவதற்குள் மையித்தாகிப் போனவர்களை நம் சமூகமும் அறியும். வழக்கமான நோய்க்கு நடுவே ஒளிந்திருக்கும் அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கவே டாக்டர் அத்தனை ஆண்டுகள் படிக்கிறார். அப்படிப்பை யாரும் இலேசாக எண்ணலாகாது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2000-ம் ஆண்டில் நியூயார்க்கில் செய்த ஆய்வொன்று வெளியாயிற்று. 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை டாக்டரிடமும், மறு சாராரை மேற்பயிற்சி பெற்ற தாதியரிடமும் அனுப்பினர். ஆறு மாதங்களுக்குப் பின் அவர்களுடைய உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆறு மாதம் குறுகிய காலம் என்பதையும் ஒப்புக்கொள்வோம். நமக்கு இன்னும் அண்மையான சான்று, 2003-ம் ஆண்டில் உலக வங்கி வெளியிட்ட ஆய்வாகும். பிரசவத்தில் தாய்மார் இறப்பதை மலேசியாவும் இலங்கையும் எவ்வாறு பெருமளவு குறைத்தன என்று அது ஆராய்ந்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சியரைக் கிராமம் கிராமமாக அமர்த்தியதும், சிக்கல் நேர்ந்தால் அவர்கள் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க வழி செய்ததும் முதன்மையான காரணங்கள் என்று அது கண்டது. இரண்டில் ஒன்று இல்லாவிடினும் அப்பயன் விளைந்திராது.

இந்தியாவிலும் இவ்வழக்கு எழுந்தது. 2019-ம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவு, சமுதாய சுகாதாரப் பணி செய்வோருக்கு எல்லைக்குட்பட்ட உரிமம் வழங்க இடம் வைத்தது. ஆரம்ப நிலைச் சிகிச்சையிலும் நோய்த் தடுப்பிலும் குறிப்பிட்ட மருந்துகளை அவர்கள் தாமே கொடுக்கலாம். அதற்கு மேல் டாக்டரின் மேற்பார்வை வேண்டும். அவர்களுடைய தொகை டாக்டர்களின் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்பது விதி. இதன் மசோதா பாராளுமன்றத்தில் இருந்தபோதே, அவ்வாண்டு ஜூலை 31-ம் நாள் இந்தியா முழுவதும் டாக்டர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அரைகுறை வைத்தியருக்குப் பட்டம் சூட்டுகிறார்கள் என்பது அவர்கள் குறை.

அரைகுறை வைத்தியர் யார்? இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் விடை தேடினர். கி.பி. 931-ல் பக்தாது நகரில் தவறான சிகிச்சையால் ஒருவர் இறந்தார். அதைக் கேள்வியுற்ற கலீபா முக்ததிர், தம் தலைமை வைத்தியர் ஸினான் இப்னு தாபித்திடம் தேர்வில் தேறியவரன்றி வேறெவரும் வைத்தியம் செய்யலாகாது என்று உத்தரவிட்டார். எண்ணூற்றுக்கு மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அவர்களுள் கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவர், தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும், குடும்பம் இத்தொழிலால்தான் பிழைக்கிறது என்றும் உண்மையை ஒப்புக்கொண்டார். ஸினான் அவரை விரட்டிவிடவில்லை. அறியாத நோயில் கை வைக்கக் கூடாது, கடுமையான மருந்து கொடுக்கக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டுவிட்டார். என்றுமே தாம் எளிய பானகங்களுக்கு அப்பால் சென்றதில்லை என்றாராம் முதியவர்.

தன் எல்லையை அறிந்து அதற்குள் நிற்பவர் அரைகுறை அல்லர். எல்லையை அறியாதவர் பெரிய பட்டம் பெற்றிருந்தாலும் அரைகுறையே. ஷரீஅத் சட்ட அறிஞர் வகுத்த விதியும் இதனோடு பொருந்துகிறது. வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்து கேடு விளைத்தவர் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர். தேர்ச்சி பெற்று, உரிய முறையில், நோயாளியின் சம்மதத்தோடு செய்தவர்மீது பழியில்லை. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அனுப்பி வைத்தது, மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி அமைத்திருந்த கூடாரத்துக்கே என்பதையும் இங்கே நினைவுகூர்வோம். அவருடைய தேர்ச்சியே அவருக்கு உரிமையாயிற்று.

எனவே, தாதிக்குத் தனியுரிமை வேண்டுமா, வேண்டாமா என்று ஒரே சொல்லில் விடை கூற நாம் துணியோம். உரிமை, கல்வியின் அளவுக்கு இருக்க வேண்டும்; பொறுப்பு, உரிமையின் அளவுக்கு இருக்க வேண்டும்; எல்லை வந்ததும் நோயாளியைத் தடையின்றி மேலே அனுப்பும் வழியும் இருக்க வேண்டும். இம்மூன்றும் உள்ள சட்டத்தை வரவேற்போம். ஒன்று குறைந்தாலும் திருத்தக் கேட்போம்.

வணிகர்க்கு இது விளங்காததன்று. பத்தாண்டு பழகிய பணியாளரிடம் கிளைக் கடையை ஒப்படைக்கும்போது சாவியைக் கொடுக்கிறோம், சரக்கெடுக்கவும் விடுகிறோம், இத்தனை வெள்ளிக்கு மேல் கடன் கொடுப்பதானால் நம்மைக் கேட்க வேண்டும் என்றும் கூறி வைக்கிறோம். சாவியைக் கொடுக்காமல் கடையை மட்டும் நடத்தச் சொல்லி, கணக்குக் குறைந்த நாளில் அவர் கழுத்தைப் பிடிக்கும் முதலாளியை யார் நியாயவான் என்பர்? தாதியும் டிரசரும் நெடுங்காலம் அந்த நிலையில்தான் வைக்கப்பட்டிருந்தனர். வேலை டாக்டருடையது, சம்பளமும் மதிப்பும் உதவியாளருடையவை, தவறு நேர்ந்தாலோ பழி முழுதும் அவர்மீது. சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பதற்கு இந்த அநீதி ஒன்றே போதும்.

ஆனால் இன்னோர் அநீதியையும் மறவாதிருப்போம். டாக்டருக்குக் கொடுக்கும் சம்பளத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் ஏழைகளிடம் தாதியை அனுப்பிவிட்டு, வசதியுள்ளோர் டாக்டரிடமே போவார்களானால், அது தோட்டத்து லயத்தை நகரத்தில் மறுபடியும் கட்டுவதாகும். இதைக் கண்டறிய ஒரு சோதனை உண்டு. நம் தாயாருக்கு உடல் நலமில்லை என்றால், இந்தத் தாதியிடம் அழைத்துச் செல்வோமா? ‘செல்வோம், தேறியவர், தேவையானால் டாக்டரிடம் அனுப்புவார்’ என்று நெஞ்சாரக் கூற முடிந்தால், நம் கடைப் பணியாளரையும் தயங்காமல் அங்கே அனுப்பலாம். ‘தாயாரை அனுப்ப மாட்டோம், பணியாளருக்கு இது போதும்’ என்று உள்ளம் கூறுமானால், குறை தாதியிடம் இல்லை.

சட்டம் செய்வோர் தம் கடமையைச் செய்யட்டும். அதுவரையில் நாம் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. கடையில் நிற்பவர் காலில் புண் இருக்கிறதா என்று இன்றே கேட்போம். இருந்தால், சம்பளத்தைப் பிடிக்காமல் அரை நாள் விடுப்புக் கொடுத்து, தகுதியுள்ள ஒருவர் பார்க்கும்படி செய்வோம்.