அதிர்வு போகும் வழி

கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்துப் பட்டறைச் சந்துகளில் பவர் பிரஸ் அடிப்பது காதுக்குக் கேட்பதோடு பாதத்துக்கும் தெரியும். அந்தத் தரையில்தான் பக்கத்து லேத்தும் நிற்கிறது.

கனம் இருந்தால் மிஷின் அசையாது என்று புதிதாகப் பட்டறை போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். கனம் மட்டும் போதாது. மூன்று கால் எந்தத் தரையிலும் உட்காரும். நான்காவது கால் வந்ததும் ஏதோ ஒன்று தூக்கிக்கொள்ளும். அதை அப்படியே போல்ட் போட்டு இறுக்கினால் லேத்தின் அடிப்பாகமான பெட் முறுக்கிக்கொள்கிறது. கடையும் ஜாப் ஒரு முனையில் பருத்து வருகிறது. நல்ல ஃபிட்டர் சக் பக்கமும் டெயில்ஸ்டாக் பக்கமும் ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து, போல்ட்டைக் கொஞ்சம் திருகிவிட்டுக் காத்திருப்பார். மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சரிவைக்கூடக் காட்டும் மட்டம் அது. கை வைத்த சூட்டுக்கே குமிழி நகரும். அந்தக் காத்திருப்பையும் வேலையாக எண்ணிக் கூலி கொடுக்கிற முதலாளிகளை நான் மதிக்கிறேன்.

உருக்குக் கம்பியைத் தட்டினால் ரீங்காரம் நீள்கிறது. வார்ப்பிரும்பைத் தட்டினால் ‘டொக்’ என்று அடங்கிவிடுகிறது. அதற்குள் செதில் செதிலாகக் கிராஃபைட் இருக்கிறது. அதிர்வு அங்கே உரசி உரசிக் கண்ணுக்குத் தெரியாத சூடாகிக் கரைகிறது. லேத் பெட்டை வார்ப்பிரும்பில் வார்ப்பது இதற்காகவும்தான். வார்த்த பெட்டை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு, உள்ளிறுக்கம் தளர்ந்த பிறகே கடைசலுக்கு எடுப்பது பழைய வழக்கம்.

கடையும்போது டூல் நடுங்கும் ‘சாட்டரை’ நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான். 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் பேசிய பிரெடரிக் டெய்லர், கடைசல்காரருக்கு இதைவிடப் பிடிபடாத சிக்கல் இல்லை என்ற கருத்தைச் சொன்னார். 1950களில் டோபியாஸ், ட்லுஸ்டி போன்றவர்கள் அதன் சூட்சுமத்தை விளக்கினார்கள். டூல் ஒருமுறை நடுங்கினால் ஜாப்பின் மேல் அலை பதிகிறது. அடுத்த சுற்றில் அதே டூல் அந்த அலைமேலேயே ஏறி இறங்குகிறது. சீவலின் தடிமன் மாறுகிறது, விசை மாறுகிறது, அலை வளர்கிறது. முந்தைய சுற்றை மறக்க முடியாததுதான் அதன் நோய். வேகத்தைக் குறைத்தால்தான் சரியாகும் என்பதில்லை. சில நேரம் கொஞ்சம் கூட்டினாலும் பழைய அலையும் புது அலையும் ஒத்துப்போய் அடங்கிவிடும். இன்னொன்று: டூலை இரண்டு மடங்கு நீளம் வெளியே விட்டால், அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். ஒட்டிப் பிடிப்பதே முதல் மருந்து.

தரைக்குப் போகும் அதிர்வுக்கு, மிஷினின் அடியில் ரப்பர் பேட் போட்டால் தீர்ந்தது என்பார்கள். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டார் சமநிலை தவறினால் நொடிக்கு 24 முறை உலுக்கும். பேடின் மேல் மிஷினின் சொந்த ஆட்டம் நொடிக்கு 17க்குக் கீழே இருந்தால்தான் தரைக்குப் போகும் அதிர்வு குறையத் தொடங்கும். 24ஐ நெருங்கியிருந்தால் பேட் அதிர்வைப் பெருக்கவே செய்யும்.

கான்கிரீட்டும் வார்ப்பிரும்பும் ரப்பரும் வாங்காத அதிர்வு ஒன்று உண்டு. வார்ப்பின் பிசிறைக் கைக்கிரைண்டரால் தேய்க்கிறவரின் விரல்கள்தான் அதை வாங்குகின்றன. 1918இல் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், இந்தியானாவின் பெட்ஃபோர்டில் காற்றுச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களைப் பரிசோதித்தார். குளிரில் அவர்களுடைய விரல்கள் வெளுத்து மரத்துப்போவதைப் பதிவுசெய்தார். கோவையில் அந்தக் குளிர் இல்லை. அதனாலேயே இங்கே விரல் வெளுப்பது கண்ணில் படாமல் போகலாம். மரமரப்பும் பிடி தளர்வும் குளிருக்காகக் காத்திருப்பதில்லை. அதிர்வை விழுங்கும் பெட்டே அப்படிப்பட்ட ஒரு கையைக் கடந்துதான் பட்டறைக்கு வருகிறது. கிரைண்டரில் கோணல் விழுந்த சக்கரத்தை உடனே மாற்ற வேண்டும். ஒரே ஆளை நாள் முழுக்கக் கிரைண்டரில் நிறுத்தக் கூடாது. மரமரப்பு தொடங்கும்போதே வேலையை மாற்றிக்கொடுத்தால் விரல் தேற வழியுண்டு; முற்றிய பிறகு பெரும்பாலும் தேறுவதில்லை.