புறம்போக்கு

எங்கள் பக்கத்தில் ‘புறம்போக்கு’ என்பது வசவுச் சொல். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது ஒரு நிலவகை. கண்மாய், ஓடை, மந்தைவெளி, வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் அதில் அடக்கம். தீர்வை கட்டாத நிலம் என்பதால் கணக்கில் ஓரத்தில் நின்றது. பிறகு மதிப்பிலும் ஓரத்துக்குப் போனது. கூலி இல்லாத வேலைக்கு நேர்ந்ததும் இதுதானே.

ராமநாதபுரம் மாதிரியான வறண்ட சீமையில் பெண்களின் பகல்பொழுது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் கழிந்தது. விறகு, ஆட்டுக்குத் தழை, குடிதண்ணீர், கீரை. பட்டா ஆணின் பெயரில் இருந்தது. தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு 1989-லேயே சட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகும், அண்ணன் தம்பி உறவு முறிந்துவிடக்கூடாதே என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. நானும் போட்டேன்.

மானாவாரி பொய்த்துத் தரிசாகக் கிடந்த நிலங்களைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது, மாணவிகளை அழைத்துக்கொண்டு நானும் ஊருக்குப் போனேன். பழைய ஊரை மீட்கிறோம் என்று பேசினேன்.

எந்தப் பழைய ஊர்? 1948-இல் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் புகழ்ந்தவர்களை அம்பேத்கர் கடுமையாக மறுத்துப் பேசினார். பொதுக்கிணற்றில் வாளியை இறக்க முடியாத பெண்ணுக்குப் பசுமையான ஊர் எப்படி நினைவிருக்கும்? ஒரு நிலம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை, அதை நினைத்து ஏங்குகிறவருக்கா, அதில் காலில் முள் தைக்க நடக்கிறவருக்கா? ஏங்குகிறவர் குரலுக்குத்தான் மேடை கிடைக்கிறது. அன்று அந்த மேடையில் நான் இருந்தேன்.

இனி வரப்போகும் நிலக்காட்சியும் தெரியத் தொடங்கிவிட்டது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லிருந்து இயங்குகிறது. சூரிய மின்சாரம் வேண்டும்தான். ஆனால் தரிசு விலைபோகும்போது பணம் பட்டாதாரருக்குப் போகும். அங்கே ஆடு மேய்த்தவளுக்குக் கிரயப் பத்திரத்தில் இடமில்லை.

என் சித்தி கரிமூட்டத்தில் வேலை பார்த்தவர். விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் மூடி, நாள்கணக்கில் புகையப் புகையக் காவல் இருந்தவர். நான் பேசி முடித்ததும் கேட்டார்: “மரம் கெட்டதுதான் ஆத்தா. கண்மாயையே அடைச்சிருச்சு, நல்லா வெட்டுங்க. அதுக்கப்புறம் எனக்குக் கூலி எங்க? அடுப்புக்கு என்ன? விடியமுன்ன பொம்பளைக எங்க ஒதுங்குறது?”

முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. மூன்றாவதற்கு மட்டும், “கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்காங்களே சித்தி” என்றேன்.

“கட்டியிருக்காக. தண்ணிய யாரு சுமக்குறது?”